பதினான்கு மணி நேர இருட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள வாலு,

நலமா? ஹோட்டல் சலவைக்கூடத்து ஆவியில் கையைச் சுட்டுக்கொண்டாய் என்று உன் அம்மா சொன்னார். கொப்புளம் ஆறிவிட்டதா? எனக்கு வழக்கமான இருமல்தான். நாள் முழுக்கப் பல் செட் தேய்க்கிறவளுக்கு அந்தத் தூள் மூக்குக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? உன் அம்மாவின், அதாவது என் அத்தையின், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வாயும் அப்படியே இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தாலே அத்தை பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "யாரு, அவனா?" என்கிறார். இல்லை என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நாத்தனாரான உன்னிடம் பேச நினைப்பதெல்லாம் அவர் காதில் விழக் கூடாதவை. அதனால்தான் தாளும் பேனாவும்.

உன் அண்ணன் வீட்டை விட்டுப் போய் இருபத்து நான்கு நாள் ஆகிறது. "கொஞ்ச நாள் தனியா இருக்கணும் போல இருக்கு" என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் ஊரையே உட்கார வைத்து, வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் கையைக் காட்டு, கையைக் காட்டு என்று கத்துகிற மனுஷன், தான் திரும்பும்போது காட்டவில்லை.

வருஷக் கடைசி விடுமுறைக்கு ஒரு சிவப்பிலைச் செடி வாங்கினாரே, அது நினைவிருக்கிறதா? போனில் உனக்குக்கூடச் சொன்னேன். எங்கே வாங்கினார், எந்த நிலைமையில் வாங்கினார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த கதை, அது இருக்கட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று அந்தச் செடியைப் பார்த்தார். "அது ஒரு மாசத்துச் செடிதான். வாடினதும் தூக்கிப் போட்டுடு" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது இலை கொட்டுகிறது. அத்தை, எதிர்வீட்டு டீச்சர், எங்கள் பல் செட் கூடத்து முதலாளி எல்லாரும் தூக்கிப் போடத்தான் சொல்கிறார்கள். நான் போட மாட்டேன். உங்கள் ஹோட்டலில் வருஷா வருஷம் இந்தச் செடியை வாங்கி அடுக்குவார்களே, தோட்டக்காரியைக் கேட்டு எழுது. இதை அடுத்த வருஷம் மறுபடி சிவக்க வைக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி?

கையில் மருந்து போட மறக்காதே.

உன் அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

கொப்புளம் உடைந்து காய்ந்துவிட்டது. தழும்பு இருக்கும் என்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் இருமலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தால் என்ன? சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

தோட்டக்காரியிடம் கேட்டேன். சிரித்தாள். "புது வருஷம் பொறந்ததும் இருநூறு தொட்டியும் குப்பை வண்டியில ஏறிடும். அதை வெச்சுக்கிட்டு வருஷம் பூரா யாரு மாரடிக்கிறது?" என்றாள். நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே இஸ்திரி மேசைப் பக்கம் வந்து சொன்னாள். முடியுமாம். இலை கொட்டுகிற வரைக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டினால் பால் வடியும், கண்ணில் படக் கூடாது. பிறகு புது மண், நல்ல வெயில். சிவக்க வைக்கிற வேலை தனியாக இருக்கிறதாம், அதை அக்டோபர் நெருங்கும்போது சொல்கிறேன் என்றாள். "அதுக்குள்ள பாதிப் பேரு அலுத்துப் போய்ப் போட்டுடுவாங்க" என்றும் சொன்னாள்.

அண்ணனைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பார். அவருடைய அறையை மட்டும் அப்படியே வைத்திருங்கள் அண்ணி.

அம்மாவுக்கு மாத்திரை தீர்வதற்குள் வாங்கிவிடுங்கள்.

உங்கள் வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள வாலு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே வெயில் கொளுத்துகிறது. அத்தைக்கு மாத்திரை வாங்கியாகிவிட்டது, உன் உத்தரவுப்படி நானும் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

இன்றைக்குச் செடியை வெட்டினேன். மெழுகு செதுக்குகிற கத்தியால் ஒரு சாண் விட்டு எல்லாவற்றையும் நறுக்கினேன். அத்தை பார்த்துவிட்டு, "பச்சைக் கிளையைப் போய் வெட்டுறியே, கை வருதா உனக்கு?" என்றார். வந்தது. நன்றாகவே வந்தது. வெட்டின கிளைகளில் ஒன்றை அவர் எடுத்து, நான் பிளாஸ்டர் கலக்குகிற பழைய ரப்பர் கிண்ணத்தில் மண் போட்டு நட்டு, ஹாலில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்துக்கொண்டார். அது அவருடைய செடியாம். நான் தொடக் கூடாதாம்.

இன்னொரு சேதி. முதலாளி கூடத்தைச் சின்னதாக்கப் போகிறார். வருஷக் கடைசிக்குள் வேலையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு மேசை, ஒரு மோட்டார், ஒரு ஜன்னல் வேண்டும். இந்த வீட்டில் அதெல்லாம் போட இடம் உள்ளது உன் அண்ணன் அறை ஒன்றில்தான். கேட்டேன். அத்தை வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். "அவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்கிறார்.

அது மட்டுமில்லை. சாயங்காலம் ஆறு மணி அடித்தால் அந்த அறைக்குள் போய் விளக்கைப் போட்டு வைக்கிறார். தான் படுக்கப் போகிற வரை அது எரிகிறது. "வர்றவன் இருட்டுல தடுமாறக் கூடாது" என்று காரணம். ஜனவரியிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. நான் தடுப்பதில்லை. பெற்றவள்.

மே மாதம் உன்னிடம் வந்து பத்து நாள் இருக்கலாமா என்று பார்க்கிறேன். இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது வாலு. முன்னறையில் ஒரு பாய் விரித்தால் போதும். எழுது.

உன் அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபப்படாதீர்கள். இடுப்பு வலி, வேலை நெருக்கடி, இன்னும் என்னென்னவோ. மே மாதம் முன்னறைக்கு வெள்ளை அடித்தார்கள். இப்போதும் தோதுப்படாது. பிறகு பார்க்கலாம்.

செடி துளிர்த்துவிட்டதா? எனக்கென்னவோ உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பஸ் நிலையத்து வாசலில் மழையில் நனைந்துகொண்டு, விற்கிறவனே ஓரமாகத் தள்ளி வைத்த கடைசித் தொட்டி அது. அதற்குப் போய் இவ்வளவு பாடா? அதை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்.

அறையில் மேசை போடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அவசரம் வேண்டாம்.

உங்கள் வாலு


ஜூலை 8

வாலு,

நான் நலம். அத்தை நலம். செடியும் நலம், முழங்கை உயரம் வந்துவிட்டது.

பஸ் நிலையத்து வாசல். மழை. கடைசித் தொட்டி. பஸ்ஸைத் தவறவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது வாங்கியது. நான் உன்னிடம் சொல்லவில்லை. அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு உனக்கு யார் சொன்னது?

பூசி மெழுகாமல் எழுது. அவர் அங்கேதான் இருக்கிறாரா?

அண்ணி


ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஏழு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கேதான் இருக்கிறார். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய அன்றைக்கே வந்துவிட்டார். முன்னறையில் படுத்துக்கொள்கிறார். இரண்டு தெரு தள்ளி ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை கிடைத்துவிட்டது. நீங்கள் சந்தேகப்படலாம், ஆனால் வேறு பெண் யாரும் இல்லை, அது சத்தியம். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "தெரியல, சலிச்சுப் போச்சு" என்கிறார். சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கூடப் பிறந்தவர், துரத்தவா முடியும்? ஒவ்வொரு தடவை உங்களுக்கு எழுதும்போதும் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். நான் இங்கே 'எங்கே இருந்தாலும்' என்று எழுதிக்கொண்டிருப்பேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

தோட்டக்காரி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன், இதிலாவது ஒளிக்காமல் இருக்கிறேன். அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணி முதல் காலை ஏழு மணி வரை பதினான்கு மணி நேரம் செடி முழு இருட்டில் இருக்க வேண்டும். பகலில் நல்ல வெளிச்சம். இப்படி எட்டு வாரமாவது, பத்து வாரம் என்றால் நல்லது. நடுவில் சின்ன விளக்கு எரிந்தால்கூட அன்றைய இருட்டு வீண். அதற்கு இன்னும் பகல் என்று நினைத்துக்கொள்ளுமாம். விளக்கடியில் இருக்கிற செடி பச்சையாக வளர்ந்துகொண்டே இருக்கும், சிவக்காதாம்.

உங்கள் வாலு


செப்டம்பர் 12

வாலு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு இடுப்பு வலி என்று எழுதியிருந்தாய், அதைக் கவனி.

எட்டு மாதம். நான் பாய் விரிக்க இடம் கேட்ட முன்னறையில் உன் அண்ணன் படுத்திருந்தார். உன் மேல் எனக்கு வந்திருக்கிற கோபம் அவர் மேல்கூட வரவில்லை. அவர் போனவர். நீ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள். இதற்கு மேல் எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

ஒன்றைத் தெரிந்துகொள். நான் வந்து அழைக்கப் போவதில்லை. போன் பண்ணப் போவதில்லை. "சலிச்சுப் போச்சு" என்றவருக்கு என்னிடம் மருந்து இல்லை.

செடி இப்போது இடுப்பு உயரம். பீரோவில் கொள்ளாது, எந்தப் பெட்டியும் மூடாது. வீட்டில் கதவு சரியாக மூடுகிற, கெட்டித் திரை போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதனால் அக்டோபர் முதல் தேதி செடி அந்த அறைக்குள் போகிறது. செடி சிவந்தால் மேசையும் போகிறது. அதற்குப் பிறகு அது என் அறை. சிவக்காவிட்டால் நீங்கள் எல்லாரும் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு, அவருக்காகக் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன். அத்தையிடமும் இதையே சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

அண்ணி


அக்டோபர் 24

அன்புள்ள வாலு,

இடுப்பு பரவாயில்லையா? இங்கே நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வேலைக்குக் கிளம்பும் முன் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து ஜன்னல் திரையை விலக்குவேன். சாயங்காலம் ஐந்துக்கு ஓடி வந்து மூடுவேன். மறுபடி கூடத்துக்குப் போய் மிச்ச வேலையை முடித்துவிட்டு ஏழு மணிக்கு வீடு. செடியில் ஒரு மாற்றமும் இல்லை. பச்சை, பச்சை, பச்சை.

போன ஞாயிற்றுக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. ஆறரைக்கே வந்துவிட்டேன். கேட் சத்தம் கேட்டதும் உள்ளே 'டக்' என்று ஒரு சுவிட்ச் சத்தம். அறைக்குள் போனேன். இருட்டாகத்தான் இருந்தது. நாற்காலியில் ஏறிக் குமிழ் விளக்கைத் தொட்டேன். கை சுட்டது.

தினமும் ஆறு மணிக்குப் போய் விளக்கைப் போட்டிருக்கிறார். நான் வருகிற சத்தம் கேட்டதும் அணைத்திருக்கிறார். "செடி ஒரு மூலையில இருக்கு, விளக்கு அதுக்கு என்ன பண்ணுது?" என்றார். "வர்றவன் இருட்டுல" என்று ஆரம்பித்தார்.

அப்போது என் வாய் நிற்கவில்லை. "உங்க பையன் வாலு வீட்டுல இருக்கார். ஜனவரியிலேருந்து அங்கதான். வேலைக்குப் போறார், வர்றார், பேப்பர் படிக்கிறார். அவருக்கு இங்க வர்ற வழி நல்லாத் தெரியும். நீங்க விளக்கு போட்டுக் காட்டணும்னு இல்ல" என்றேன்.

என்னை மன்னித்துவிடு. உன் பெயரும் வந்துவிட்டது.

அத்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் மூச்சிரைக்க ஓடி வந்து பார்க்கிறேன், ஐந்தாக இன்னும் கால் மணி இருக்கிறது, அறையின் திரை ஏற்கெனவே இழுத்து மூடியிருந்தது. கதவடி இடுக்கில் பழைய போர்வையை மடித்துத் திணித்திருந்தார். எதிரே வந்து என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அந்தக் குமிழ் விளக்கை வைத்தார். கழற்றியிருக்கிறார். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி நாற்காலியில் ஏறினாரோ தெரியவில்லை.

"இந்தா. நீயே வெச்சுக்க" என்றார்.

மூன்று வாரம் போனது போனதுதான். வருஷக் கடைசிக்குள் சிவக்குமா என்று தெரியவில்லை. ஆனால் இனி நான் சாயங்காலம் ஓடி வர வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு மேல் அந்தக் கதவுப் பக்கம் போனால் என்னையே முறைக்கிறார்.

உன் அண்ணி


டிசம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா என் போனை எடுப்பதில்லை. எனக்கு அது வேண்டியதுதான். என் பெயரைச் சொன்னதற்கு மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள்.

அண்ணன் திரும்பி வருகிறேன் என்கிறார். இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்பார். விடுமுறைக்கு வருகிற மாதிரி வந்து அப்படியே இருந்துவிடலாம் என்று நினைப்பு. "ரூம் இருக்கும்ல?" என்று என்னைக் கேட்டார்.  உங்களிடம் சொல்லாமல் ஒளித்ததைப் போல இனி எதையும் ஒளிக்கக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கதவைத் திறக்கவும் சொல்ல மாட்டேன், மூடவும் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். செடி சிவந்ததா என்று மட்டும் எழுதுங்கள். தோட்டக்காரி தினமும் கேட்கிறாள்.

உங்கள் வாலு


டிசம்பர் 28

அன்புள்ள வாலு,

நான் சுகம். இருமல்கூடக் குறைந்திருக்கிறது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேலை செய்வதால் இருக்கலாம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் அண்ணன் சொன்ன தேதியிலேயே சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்தார். அதே பெட்டி. அத்தைதான் கதவைத் திறந்தார். "வா. உக்காரு. சாப்பிட்டியா?" என்று கேட்டார். தேநீர் கொடுத்தார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அவர் குடித்து முடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைப் பக்கம் நடந்தார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அதற்குள் அத்தை எழுந்தார். படி இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும் என்கிற மனுஷி, அவருக்கு முன்னால் கதவருகே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அங்க போகாத."

"என் ரூம்மா."

"அஞ்சு மணிக்கு மேல யாரும் போகக் கூடாது. உள்ள செடி இருக்கு."

"செடியா? அப்ப நான் எங்க தங்குறது?"

"ஒரு வருஷமா எங்க தங்குனியோ அங்க."

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. "காலையில ஏழு மணிக்கு வாங்க. கதவைத் திறப்போம். பாத்துட்டுப் போகலாம்" என்றேன். எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கோபமும் வந்தது. பயம் மட்டும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினார்.

ஏழு மணிக்குச் சரியாக வந்தார். அத்தை போர்வையை எடுத்தார், நான் திரையை விலக்கினேன். உச்சி இலை பன்னிரண்டும் சிவப்பு. நடுவில் கடுகு அளவு மஞ்சள் பூ. பன்னிரண்டையும் நான் எண்ணி வைத்திருக்கிறேன், உன் தோட்டக்காரியிடம் சொல். முதல் இலை சிவந்த அன்றைக்கே ஜன்னலுக்குக் கீழே போட்ட என் மேசை, மோட்டார். யாரோ ஒரு வக்கீலுக்காகச் செய்து வைத்த மேல்வரிசைப் பல் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "இது புதுசா வாங்கினதா?" என்றார்.

"அதே செடிதான்."

"நிஜமாவா? நீ தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

அதுவரைக்கும் என் மனதின் ஒரு ஓரத்தில், வந்தவரை இருக்கச் சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அந்தப் பேச்சோடு அது போய்விட்டது. ஹாலுக்குப் போய் அத்தையின் ரப்பர் கிண்ணத்துச் செடியை எடுத்து வந்தேன். வருஷம் பூராவும் டியூப் லைட்டுக்குக் கீழே இருந்த செடி. ஒரு இலைகூடச் சிவக்காமல் தளதளவென்று பச்சையாக இருந்தது. தொடக் கூடாது என்றவர், நான் எடுத்தபோது நகர்ந்து வழி விட்டார்.

"இதுவும் அதே செடியிலேருந்து வெட்டினதுதான். கொண்டு போய்ச் சிவக்க வெச்சுட்டு வாங்க. அப்ப பேசலாம்" என்றேன்.

"எப்படிச் சிவக்க வைக்கிறது?"

"நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்களும் கேளுங்க."

மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிட்டார். அத்தை அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று மறந்தவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் அவரே உனக்குப் போன் செய்வார். எடு.

உன் அண்ணி


ஜனவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அம்மா போனில் அரை மணி நேரம் திட்டினார். அதற்குப் பிறகு என் இடுப்பு வலியே போய்விட்டது.

அண்ணன் பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். தோட்டக்காரியிடம் போய்க் கேட்டிருக்கிறார். பதினான்கு மணி நேர இருட்டு என்று பாதியைச் சொன்னவள், எந்த மாதம் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு நம் கதை முழுக்கத் தெரியும். இப்போது ஜனவரியில், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையிலிருந்து ஓடி வந்து, என் துணிக் கூடையைக் கவிழ்த்து அந்தச் செடியை மூடுகிறார். "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். அக்டோபர் வரை வளர்க்க வேண்டும், அதற்கு நடுவில் ஒரு தடவை வெட்டவும் வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு இருக்கிற பழக்கம் உங்களுக்கே தெரியும், இந்த முறை அது உங்கள் பக்கம்.

மார்ச்சுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் முன்னறை காலி. நீங்கள் கேட்ட பத்து நாள் பாக்கி இருக்கிறது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

நேற்று அவருடைய செடியிலிருந்து முதல் இலை விழுந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு மாசத்துச் செடிதானே, தூக்கிப் போட்டுடுங்க" என்றேன்.

அவர் கூடையை எடுத்து மூடினார்.

உங்கள் வாலு